இக்கரை விளக்கும் அக்கரை இருளும்

திருவரங்கத்துப் பெருமாள் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருப்பதற்கு அவ்வூர்ப் பெரியவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். அயோத்தியிலிருந்து வீடணன் இலங்கைக்கு எடுத்துச் சென்ற திருவுருவம், வழியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இறக்கிவைக்கப்பட்டபோது அங்கேயே நிலைத்துவிட்டதாம். மனம் வருந்திய வீடணனுக்கு, அவன் நாட்டை நோக்கியே கிடப்பதாகப் பெருமாள் வாக்களித்தாராம். நான் கத்தோலிக்கக் குரு. பிறர் சமயத்தின் தலபுராணத்துக்கு உரை சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆயினும் காவிரிப் பாலத்தைக் கடந்து அத்தீவுக்குள் நுழையும்போதெல்லாம் இந்தக் கதை நினைவுக்கு வரும். ஆற்றின் நடுவே உள்ள தீவினர், கடலின் நடுவே உள்ள தீவினரைத் தம் கண்ணில் படும் அயலாராகவே பல தலைமுறைகளாக எண்ணி வந்திருக்கிறார்கள். அயலான் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்ததே என்னும் சிறு கவலையும் அக்கதையில் கலந்திருக்கிறது.

அந்த அயலாரின் வீடுகளில் 2022 ஆம் ஆண்டு விளக்கணைந்தது. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. நீர்த்தேக்கங்களில் கோடைக்கு முன்பே நீர் தாழ்ந்திருந்தது. பிப்ரவரியில் சில மணி நேரமாகத் தொடங்கிய மின்வெட்டு, மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. தவக்காலத்தின் நடுப்பகுதி அது. எங்கள் திருச்சியில் கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு என்பதை வாசகர்கள் அறிவீர்கள். முகாமைச் சேர்ந்த வயதான தாய் ஒருவர், சிலுவைப்பாதை முடிந்தபின் என்னிடம் வந்து, மன்னாரிலுள்ள தம் தங்கை மகள் கைபேசியில் சொன்னவற்றைக் கூறினார். இரவில் விசிறி இல்லை, குழந்தை உறங்கவில்லை, மெழுகுதிரியின் விலையும் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, “இங்க இருந்து ஒரு வயர் இழுத்துக் குடுக்க ஏலாதோ, சுவாமி?” என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற இளைஞர் இருவர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாய் கேட்டது நடக்கக்கூடியது என்பது மட்டுமன்று, இரண்டு நாட்டு அரசுகளும் பல ஆண்டுகளாகப் பேசிவருவதும் அதுதான் என்று நான் படித்திருந்தேன். அந்த ‘வயர்’ ஏன் அன்று இல்லை, எங்கெல்லாம் அது இருக்கிறது, இழுத்தால் என்ன ஆகும் என்பவற்றை இங்கே வாசகர்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

*

மின்வெட்டு என்பது நமக்குக் கேள்விப்பட்ட செய்தி அன்று. 2008 முதல் 2014 வரை தமிழகம் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். 2012 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், திருச்சி போன்ற ஊர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஒரே மொழி பேசும் ஒரே மாநிலத்துக்குள்ளேயே இருளைப் பங்கிட்டதில் அத்தனை வேற்றுமை. துவாக்குடியிலும் திருவெறும்பூரிலும் பெல் தொழிற்சாலையை நம்பியிருக்கும் சிறு பட்டறைகள் டீசல் எந்திரத்தை ஓட்டியே நட்டப்பட்டன. உலகுக்கெல்லாம் மின்நிலையக் கொதிகலன் செய்து அனுப்பும் ஊரில் மாணவர்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்தார்கள்.

அவ்வாண்டு ஐப்பசியில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். எங்கள் பங்கின் தெரு ஒன்றில் வலப்பக்க வீடுகளுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இடப்பக்க வீடுகளுக்கு வேறொன்று. ஒரு பக்கம் அணையும் நேரத்தில் மறுபக்கம் எரியும். வலப்பக்கத்தில், பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இறந்துபோனார். வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். வாடகை ஜெனரேட்டர் எங்கும் கிடைக்கவில்லை. எதிர்வீட்டாருக்கும் இவர்களுக்கும் சந்துச் சுவர் ஒன்றைப் பற்றி நெடுநாளாக வழக்கு. பேச்சுவார்த்தை அறவே கிடையாது. அந்த எதிர்வீட்டு மகன்தான் வயர்ச் சுருளோடு வந்து நின்றான். “மேல தூக்கிக் கட்டுங்கண்ணே, வண்டி போகணும்” என்று சொல்லி, தானே மாடியேறிக் கட்டினான். அடுத்த மணியில் இடப்பக்கம் அணைந்து வலப்பக்கம் எரிந்தபோது, துக்க வீட்டார் அதே வயரின் வழியாக எதிர்வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அங்கே ஒரு பெண் பிள்ளை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள்கள் அந்த வயர் தெருவின் குறுக்கே கிடந்தது. ஊர் லைன்மேன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். வழக்கு அதன்பின்னும் நடந்தது. ஆனால் அடக்கத்துக்கு இரு வீட்டாரும் ஒன்றாக நடந்து வந்தார்கள்.

நாடுகளுக்கிடையே நடக்கும் மின் ஒத்துழைப்பைப் பற்றி நான் எதைப் படித்தாலும் இந்தத் தெருதான் என் கண்முன் நிற்கிறது. உனக்கு இருக்கும் நேரத்தில் எனக்கு இல்லை. எனக்கு இருக்கும் நேரத்தில் உனக்கு இல்லை. வழக்கு வழக்காகவே இருக்கட்டும், வயர் வயராக இருக்கட்டும். இதற்குமேல் அதில் பெரிய தத்துவம் இல்லை.

*

அதே 2012 இல் நாட்டின் மறுபக்கத்தில் வேறொன்று நடந்தது. ஜூலை 30 ஆம் நாள் வட இந்தியாவின் மின்கட்டமைப்பு முழுவதும் சரிந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று கட்டமைப்புகளும் சேர்ந்து சரிந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. இரயில்கள் நின்றன. சுரங்கத் தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கினர். தென்னகம் தப்பியது. காரணம், நம் தென்னகக் கட்டமைப்பு அன்று மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படாமல் தனித்திருந்தது.

தனித்திருந்ததால் தப்பினோம் என்று அன்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் அவ்வாண்டு முழுவதும் நாம் இருளில் கிடந்ததற்கும் அந்தத் தனிமை ஒரு காரணமன்றோ? பிற பகுதிகளில் விலைக்குக் கிடைத்த மின்சாரத்தைத் தமிழகம் வாங்க விரும்பியபோது, கொண்டுவரப் போதிய கம்பித்தடம் இல்லை. களஞ்சியம் ஓரிடத்தில், பசி வேறோரிடத்தில், நடுவே பாதை இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று, சோலாப்பூர்–ராய்ச்சூர் உயரழுத்தத் தடத்தின் வழியாகத் தென்னகம் நாட்டின் கட்டமைப்போடு இணைந்தது. தமிழகத்தின் மின்வெட்டு தீர்ந்ததற்குப் புதிய மின்நிலையங்களும் பிறவும் காரணம். அந்த இணைப்பும் அவற்றுள் ஒன்று.

இந்த இணைப்பின் இயல்பைக் காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். இரண்டு குளங்களுக்கு நடுவே கரையை வெட்டி விட்டால் இரண்டும் ஒரே நீர்மட்டம் ஆகும். ஒன்று உடைந்தால் மற்றதும் வடியும். மாறுமின்னோட்டத்தில் இணைந்த கட்டமைப்புகள் அத்தகையவை. நம் நாட்டில் எல்லா மின்னாக்கிகளும் நொடிக்கு ஐம்பது சுற்று என்னும் ஒரே துடிப்பில் இயங்குகின்றன. ஒன்றின் தடுமாற்றம் எல்லாவற்றையும் தாக்கும். கரையை வெட்டாமல் நடுவே மதகு ஒன்றை வைத்து, வேண்டிய அளவு நீரை மட்டும் விடுவது மற்றொரு முறை. உயரழுத்த நேர்மின்னோட்ட இணைப்பு அந்த மதகைப் போன்றது. எவ்வளவு செல்ல வேண்டும், எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். ஒரு பக்கத்தின் சரிவு மறுபக்கத்தை இழுத்துக்கொண்டு போகாது. கடலடியில் நெடுந்தொலைவு கம்பி போடுவதற்கும் இதுவே ஏற்றது. அந்தத் தாய் கேட்ட வயர் இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

*

நம் துணைக்கண்டத்தில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. முதலாவது பூட்டான். அங்குள்ள சுக்கா நீர்மின் நிலையத்தை, 336 மெகாவாட் திறனுடையதாக, இந்தியா தன் பொருளுதவியால் கட்டித் தந்தது. 1980களின் பிற்பகுதியில் அது இயங்கத் தொடங்கியது. பின்னர் 1,020 மெகாவாட் திறனுடைய தாலா நிலையம் வந்தது. மழைக்காலத்தில் பூட்டானின் ஆறுகள் பெருகும்போது மிகுதியான மின்சாரம் இந்தியாவுக்கு வருகிறது. குளிர்காலத்தில் ஆறுகள் சுருங்கும்போது பூட்டான் நம்மிடம் வாங்குகிறது. 2012 ஜூலையில் வடநாடு இருண்டபோது மீண்டும் விளக்கேற்ற உதவியவற்றுள் அச்சிறு நாட்டின் நீர்மின்சாரமும் ஒன்று.

இரண்டாவது நேபாளம். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரை விளக்கில்லாமல் தவித்த நாடு அது. 2016 இல் பீகாரின் முசாபர்பூரிலிருந்து தால்கேபருக்குத் தடம் அமைந்தது. அதன் வழியாக வந்த மின்சாரமும், உள்நாட்டில் சலுகை பெற்ற சிலருக்கே இடைவிடாது போய்க்கொண்டிருந்த மின்சாரத்தை எல்லாருக்கும் பகிர்ந்த நிர்வாகச் சீர்திருத்தமும் சேர்ந்து, அவ்வாண்டுத் தீபாவளி காலத்தில் காத்மாண்டு நகரின் மின்வெட்டை முடித்துவைத்தன. ஐந்தே ஆண்டுகளில், 2021 நவம்பரில், அதே நேபாளம் இந்தியச் சந்தையில் மின்சாரம் விற்கத் தொடங்கியது. 2024 நவம்பரில் இந்தியக் கம்பிகளின் வழியாக வங்காளதேசத்துக்கு 40 மெகாவாட் அனுப்பியது. வாங்கியவன் கொடுப்பவனாக மாற நெடுங்காலம் ஆகவில்லை.

மூன்றாவது வங்காளதேசம். 2013 அக்டோபரில் பெகரம்பூரிலிருந்து பெராமாராவுக்கு 500 மெகாவாட் இணைப்பு தொடங்கியது. பின்னர் அது இரட்டிப்பாயிற்று. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்த நிகழ்ச்சி வேறு. திரிபுராவில் பாலாட்டானா என்னுமிடத்தில் எரிவாயு மின்நிலையம் கட்டியபோது, கனமான எந்திரங்களை மலைப்பாதையில் கொண்டுபோக முடியவில்லை. வங்காளதேசம் தன் ஆறுகளின் வழியாகவும் ஆசுகஞ்ச் துறையின் வழியாகவும் அவற்றைக் கொண்டுசெல்ல இடம் கொடுத்தது. அதற்கு நன்றிக்கடனாக, 2016 மார்ச் முதல் திரிபுராவிலிருந்து 100 மெகாவாட் கொமில்லாவுக்குப் போகத் தொடங்கியது. தெருவைக் கடந்த அந்த வயர் இரண்டு திசையிலும் வேலை செய்தது போலத்தான் இதுவும்.

கடலைத் தாண்டியும் இது நடக்கிறது. ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் இடையே ஜிப்ரால்டர் நீரிணையின் அடியில் 1997 முதல் மின்கம்பி கிடக்கிறது. ஏதிலிகளைப் பற்றியும் எல்லைகளைப் பற்றியும் அவ்விரு நாடுகளுக்கும் ஓயாத பிணக்கு. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர இருண்டபோது, பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்த மின்சாரமே அணைந்த நிலையங்களை மீண்டும் எழுப்பத் துணைசெய்தது. செல்வ நாடொன்று ஆப்பிரிக்கக் கரையிலிருந்து விளக்கேற்றிக்கொண்ட நாள் அது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கிய மூன்றே வாரங்களில் உக்ரைன் ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைக்கப்பட்டதும் நினைவில் கொள்ளத்தக்கது. அடுத்த ஆண்டில் நடக்க வேண்டிய இணைப்பு, தேவை கருதி மார்ச் 16 அன்றே நடந்தது. அதற்கான ஆயத்தங்கள் பல ஆண்டுகளாக நடந்து வந்திருந்ததால்தான் அந்த அவசரம் கைகூடியது.

*

இவற்றை ஓர் அன்பியக் கூட்டத்தில் நான் சொன்னபோது, துவாக்குடியில் பட்டறை நடத்தும் ஒருவர் எழுந்தார். “எங்க பட்டறையில வெல்டிங் மெஷின் ஓடாம ஆறு பேர் சும்மா உட்கார்ந்திருந்தாங்க சாமி. அப்ப எந்த நாடு நமக்குக் கொடுத்துச்சு? நமக்கே பத்தாம இருக்கிறப்ப அடுத்தவங்களுக்கு எதுக்கு?” என்றார். அவர் கேள்வியில் நேர்மை இருந்தது. பட்டினி கிடந்தவனிடம் ஈகையைப் பற்றிப் பேசுவது எளிதன்று.

அவருக்கு நான் இரண்டு விடை சொன்னேன். மின்சாரம் நெல்லைப் போன்றதன்று. பெருமளவில் சேமித்துவைக்க இன்றும் வழி குறைவு. ஆடிக் காற்றில் கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் முழுவீச்சில் சுழலும்போது, அந்த மின்சாரத்தை ஏற்க இடமின்றிச் சிலவற்றை நிறுத்திவைத்த நாள்கள் உண்டு. கொடுக்க ஆளில்லாத மிகுதி காற்றோடு போகிறது. அதைக் கொடுத்தால் நமக்குக் குறைவதில்லை, விலையும் கிடைக்கும். அடுத்தது, அளவைப் பாருங்கள். 2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். இலங்கை முழுவதன் உச்சத் தேவை மூவாயிரத்தை எட்டாது. பெரிய வீட்டுக்காரன் தெருவிளக்கைப் பகிர்வதால் அவன் வீடு இருண்டுவிடாது.

சிறிய கட்டமைப்பு எவ்வளவு எளிதில் சாயும் என்பதற்கும் சான்று உண்டு. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் மின்தடை ஏற்பட்டதென அந்நாட்டு அமைச்சர் கூறினார். நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுபோனதால் அடுத்த நாள்களிலும் வெட்டு தொடர்ந்தது. திருவரங்கத்துக் கோபுரங்களிலும் குரங்குகள் உண்டு. அவை ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் விழுந்தால் ஒரு தெரு அணையும். சாய்ந்துகொள்ளத் தோள் இல்லாத தீவில் ஒரு நாடே அணைகிறது. அதே நாளில்தான் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று சிறு நாடுகள் ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைந்தன என்பது வியப்பான ஒற்றுமை.

எனினும், இணைந்துவிட்டால் எல்லாம் நலமே என்று சொல்லிவிட முடியாது. 2014 நவம்பர் 1 அன்று பெராமாரா இணைப்பு நிலையம் நின்றதால் வங்காளதேசம் முழுவதும் இருண்டது. 2024 இல் பணப் பாக்கி மிகுந்ததால், ஜார்க்கண்டின் கோட்டா அனல்மின் நிலையம் அந்நாட்டுக்கு அனுப்பிய மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தது. கொடுப்பவன் கையில் குழாயின் திருகு இருக்கும்போது, வாங்குபவன் நிம்மதியாக உறங்குவதில்லை. பெல் நிறுவனம் வங்காளதேசத்தின் ராம்பாலில் கட்டிய 1,320 மெகாவாட் நிலையம் சுந்தரவனக் காட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே நெடுநாள் எதிர்ப்பு இருந்தது. மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் தெருவில் நின்றார்கள். வலசைப் பறவைகளும் வெள்ளமும் அவர்களுடைய கவலை. அரசுகள் கைகுலுக்கும்போது காலடியில் நசுங்குபவர் யார் என்று பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

ஆகவே நான் வேண்டுவது தானமும் அன்று, ஆதிக்கமும் அன்று. குருமடத்தில் நாங்கள் இறையியல் பயின்ற காலத்தில், 1987 ஆம் ஆண்டின் சமூகச் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நாடுகளின் ஒருவரையொருவர் சார்ந்த நிலையை அறக்கடமையாக எடுத்துரைத்ததைப் பாடமாகக் கேட்டோம். அதற்கும் முன்னே புனித பவுல், எருசலேமில் வறுமையுற்றோருக்காகக் கொரிந்து மக்களிடம் நன்கொடை கேட்டபோது, அவர் முன்வைத்த சொல் சமநிலை என்பது. இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறையை நிரப்பட்டும், நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறையை நிரப்பும் என்பதே அவருடைய கணக்கு. கொடுப்பவனை உயர்த்தாமலும் பெறுபவனைத் தாழ்த்தாமலும் அமைந்த கணக்கு அது.

*

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். மதுரைக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே மின்தடம் அமைப்பது பற்றி ஆராய, 2010 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் உடன்பாடு செய்தன. ஏறத்தாழ 285 கிலோமீட்டர் நீளம், அதில் 50 கிலோமீட்டர் கடலடியில், முடிவில் 1,000 மெகாவாட் திறன் என்பது அன்றைய திட்டம். இலங்கையின் உச்சத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது. செலவு, விலை, ஐயம், ஆட்சி மாற்றம் என்று காலம் கழிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அந்த நாடு இருண்டபோது கம்பி இல்லை. ஆகையால் எண்ணெய் வாங்க இந்தியா 50 கோடி டாலர் கடன் கொடுத்தது. டீசல் கப்பல்கள் போயின. 2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக மக்களின் பெயரால் அரிசியும் பால்மாவும் மருந்தும் சுமந்து முதல் கப்பல் புறப்பட்டது. நல்ல செயல்கள் அவை. ஆனால் மின்சாரத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது. 2025 ஏப்ரல் 5 அன்று, மின்தடம் பற்றி இரு நாடுகளும் கொழும்பில் மீண்டும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன.

தெருவைத் தாண்டி வயர் இழுக்க ஐந்து நிமிடம் போதும். கடலைத் தாண்டி இழுக்கப் பல ஆண்டுகள் வேண்டும். துன்பம் வந்தபின் அன்பு பொங்கினாலும் அதற்குள் கம்பி முளைக்காது. ஆகையால் நல்ல நாள்களில் செய்யும் முடிவுதான் கெட்ட நாளில் கைகொடுக்கிறது. இதுவே இந்தச் செய்தி முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது.

தடையாக நிற்பது கடலின் ஆழம் அன்று. பாக் நீரிணை ஆழமற்றது. நம் விசைப்படகுகளின் இழுவலை அடித்தரையை வாரிச் செல்வதாக யாழ்ப்பாணத்து மீனவர்கள் குமுறுகிறார்கள். நம் மீனவர்களோ சிறைப்பட்டுப் படகிழந்து தவிக்கிறார்கள். அதே கடல்தரையின் மேல்தான் கம்பியும் கிடக்க வேண்டும். மீனவருக்கிடையே நம்பிக்கை இல்லாத கடலில் பொறியாளர்கள் மட்டும் நம்பிக்கையோடு கம்பி பதித்துவிட முடியுமா? ஆனால் அதே கடலில்தான் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் படகேறி வந்து, ஓர் இரவு ஒரே மணலில் தங்கி, ஒரே பந்தியில் உண்டு திரும்புகிறார்கள். பிணக்கு தீர்ந்த பிறகுதான் கூடுவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று சிறு தீவுகளில் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டம் முதலில் சீன நிறுவனம் ஒன்றுக்குப் போயிற்று. பின்னர் 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு மாறியது. வல்லரசுகளின் போட்டியில் அது செய்தியானது. அத்தீவுகளின் குடும்பங்களுக்கோ, மாலையில் பிள்ளை படிக்க விளக்கு எரியுமா என்பதே கேள்வி. மதுரையிலிருந்து கம்பி புறப்படும் நாளில் நாம் கேட்க வேண்டியதும் இத்தகைய கேள்விகளையே. இராமநாதபுரத்துச் சீமையில் யாருடைய புன்செய் நிலத்தில் கோபுரம் நடப்படும், அவருக்கு உரிய விலை கிடைக்குமா? மன்னார்க் கரையில் வலைவீசுபவரை யாராவது கலந்துபேசினார்களா? பாக்கி சேர்ந்தால் மருத்துவமனையின் விளக்கையும் அணைப்பார்களா, அதற்கு ஒப்பந்தத்தில் விலக்கு உண்டா? இக்கேள்விகளை நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் இப்பொழுதே கேட்டுவைப்பது நல்லது. ஒப்பந்தம் எழுதி முடித்தபின் கேட்பதில் பயனில்லை.